ஆட்டுக்காலும் அளவுகோலும்

1894-ஆம் ஆண்டு ஜூன் 24. பிரான்சின் லியோன் நகரில் விருந்து முடிந்து வண்டியில் புறப்பட்ட குடியரசுத் தலைவர் சாதி கார்னோவின் வயிற்றில் கசேரியோ என்ற இத்தாலிய இளைஞன் கத்தியைப் பாய்ச்சினான். குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரை கிழிந்துபோனது. மருத்துவர்கள் சுற்றி நின்றும் பயனில்லை. நள்ளிரவு தாண்டியதும் உயிர் பிரிந்தது. புதுச்சேரி அப்போது அந்தக் குடியரசின் ஆளுகையில் இருந்த ஊர். கார்னோ இந்த ஊருக்கும் தலைவர்தான்.

லியோனில் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார் அலெக்சிஸ் காரெல். கிழிந்த குழாயைத் தைக்கத் தெரிந்திருந்தால் தலைவர் பிழைத்திருப்பார் என்பது அவர் கட்சி. லியோன் பட்டுக்கும் பூத்தையலுக்கும் பேர்போன நகரம். அங்கே கைதேர்ந்த பூத்தையல்காரியான லெருதியே அம்மையாரிடம் போய் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார் காரெல். நூலிலும் ஊசியிலும் வாசலின் தடவி வழுக்கவைத்தார். நாய்களின் இரத்தக்குழாய்களில் தைத்துத் தைத்துப் பார்த்தார். வட்டமான குழாய் வாயில் மூன்று இடத்தில் நூல் கட்டி இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடும், பிறகு மூன்று நேர்கோடுகளைத் தைத்தால் போதும் என்ற அவருடைய உத்தி 1902-இல் அச்சேறியது. 1912-இல் நோபல் பரிசு. (பிற்காலத்தில் இனச்சுத்த வாதம் பேசி அவர் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டது தனிக் கதை, இங்கே அவருடைய ஊசி மட்டும் போதும்.)

காரெல் துணியிலும் நாயிலும் பழகியதால்தான் மனிதக் குழாயைத் தைக்கும் வழி பிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். சரி. ஆனால் அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு பயிற்சி மருத்துவருக்கும் அந்தப் பழக்கம் பலன் தந்ததா? தந்தது என்றால் எவ்வளவு? எதை வைத்து அளப்பது? இந்தச் சொற்பொழிவின் விஷயம் இந்த மூன்று கேள்விகள்தான்.

பழகிப் பார்க்கும் வழக்கம் பிரான்சில் தொடங்கியதும் இல்லை. சுஸ்ருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க இதே பேச்சு. சாத்திரமெல்லாம் கரைத்துக் குடித்திருந்தாலும் கை பழகாதவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்று ஆரம்பித்து, எந்த வேலையை எதில் பழக வேண்டும் என்று பட்டியல் போடுகிறது அது. அறுத்துப் பழகப் பூசணி, சுரை, தர்ப்பூசணி, வெள்ளரி. கீறிப் பழகத் தண்ணீர் நிரப்பிய தோல் பை. சுரண்டிப் பழக மயிரோடு கூடிய தோல். நாளத்தைக் குத்திப் பழகச் செத்த விலங்கின் நாளமும் தாமரைத் தண்டும். பிடுங்கிப் பழகச் செத்த விலங்கின் பல்லும், பலா, கோவை, வில்வப் பழங்களின் சதையும். தைத்துப் பழகத் துணியின் ஓரமும் மெல்லிய தோலும். அறுந்த காது மடலைச் சேர்த்து ஒட்டப் பழக மிருதுவான இறைச்சித் துண்டு.

காது மடலை ஒட்டுவது இன்றைய கணக்கில் பிளாஸ்டிக் சர்ஜரி. அதை இறைச்சித் துண்டில் பழகு என்று எழுதிவைத்தவர்கள், ஒரே பொருளில் எல்லாவற்றையும் பழகலாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு கைவேலைக்கும் அதற்கு ஒத்துவரும் பொருளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அந்த அத்தியாயத்தில் இல்லாதது ஒன்று உண்டு. சுரைக்காயில் எத்தனை நன்றாக அறுத்தால் மாணவனை மனிதனிடம் அனுப்பலாம் என்ற அளவு அதில் கிடையாது. குருவின் கண்தான் அளவுகோல். இன்றும் பெரும்பாலான அறுவைக் கூடங்களில் நிலைமை அதிகம் மாறவில்லை என்று சொன்னால் மூத்த மருத்துவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும், மறுக்க மாட்டார்கள்.

இடையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடலாம். திப்பு சுல்தானுடன் நடந்த போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கோவாஸ்ஜி பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டார். பூனா பக்கத்தில் பரம்பரையாக அந்த வேலை தெரிந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு அமைத்தார். 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ அதைப் படத்தோடு வெளியிட்டது. அங்கே ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் அதைப் பிடித்துக்கொண்டு பிணங்களில் பழகினார். 1814-இல்தான் உயிருள்ள ஒருவரின் மூக்கைத் தொட்டார். கிட்டத்தட்ட இருபது ஆண்டு இடைவெளி. இன்றைய மேற்படிப்பு மாணவருக்கு அந்த அவகாசம் இல்லை. மூன்று ஆண்டில் எம்.சிஎச். முடித்துவிட்டு, விபத்தில் கை நசுங்கி வருபவரின் முன்னால் தனியாக நிற்க வேண்டும்.

1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது மறுசீரமைப்பு அறுவை என்று ஒரு துறையே கிடையாது. அந்த மரபின் தொடர்ச்சியாகத் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி 1956-இல் வந்து, 1964-இல் ஜிப்மர் என்று பெயர் மாறி, 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, பிள்ளையார்குப்பம், மதகடிப்பட்டு, காலாப்பட்டுப் பக்கங்களில் தனியார் கல்லூரிகள் என்று இவ்வளவு சின்ன ஊரைச் சுற்றி இத்தனை மருத்துவக் கல்லூரிகள் வேறெங்கும் சுலபத்தில் பார்க்க முடியாது. தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தால், கை அறுவையில் உலகம் மதிக்கும் பெயர்கள் உண்டு: வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய பால் பிராண்ட், சென்னை ஸ்டான்லியில் கை அறுவைப் பிரிவைக் கட்டியெழுப்பிய ஆர். வெங்கடசாமி, கோவை கங்கா மருத்துவமனையின் ராஜா சபாபதி. கற்றுக்கொள்ள ஆளும் உண்டு, கற்றுக்கொடுக்க ஆளும் உண்டு. பழகுவதற்கான பொருள்? அது ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கிடைக்கிறது.

கோழியின் தொடையில் ஒரு தமனி ஓடுகிறது. அதை வைத்து உலகம் முழுக்க நுண்ணறுவை பழகுகிறார்கள். கடையில் தோலுரித்துத் தரும் கோழிக்காலே போதும். தொடை எலும்பை ஒட்டிய தசைகளை விரலால் பிரித்தால் வெள்ளையாக நரம்பு தெரியும். அதை ஒட்டியே தமனியும் சிரையும் படுத்திருக்கும். தமனி சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமன், ஆளுக்கு ஆள் என்பதுபோல் கோழிக்குக் கோழி கொஞ்சம் கூடக் குறைய. மைக்ராஸ்கோப்பின் கீழ் அதன் மேல் படர்ந்திருக்கும் சவ்வை உரித்து, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு, நடுவில் வெட்டி, உள்ளே கழுவ வேண்டும். பிறகு தையல். நூல் பத்து-சைபர் நைலான், தடிமன் 0.02 முதல் 0.03 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. மூச்சு வேகமாக வந்தாலே ஊசி எங்கோ போய்விடும். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், போர்க்காயத்தைத் தைக்கும் நெடிய ஊசி குருதியில் முங்கி எழுவதற்கு மீன்கொத்தி குளத்தில் பாய்ந்து எழுவதை உவமை சொல்லியிருக்கிறார். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே அந்தப் பாய்ச்சல் வேலைக்கு ஆகாது. ஊசியின் வளைவு எப்படியோ அப்படியே மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். நேராகத் தள்ளினால் குழாய்ச் சுவர் கிழியும்.

எட்டுத் தையல் போட்டாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கிறது. இது நல்ல வேலையா?

லண்டனில் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கானெமும் சகாக்களும் 2016-இல் இதற்கு ஒரு எளிய வழி சொன்னார்கள். தைத்த குழாயை நீளவாக்கில் வெட்டி விரித்து, உட்பக்கத்தைப் படம் எடு. பத்து வகைத் தவறுகளை எண்ணு. முன்சுவரைத் தைக்கும்போது பின்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டதா? தையல் சாய்ந்திருக்கிறதா? ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சீராக இல்லையா? ஓரம் அதிகமாக மடிந்திருக்கிறதா? நூல் குழாய்க்குள் தொங்குகிறதா? சுவரின் பாதித் தடிமனை மட்டும் பிடித்திருக்கிறதா? உள்ளே தொங்கும் ஒரு நூல்முனை போதும், உயிருள்ள உடம்பில் அதைச் சுற்றி இரத்தம் உறைய. இந்தச் சோதனைக்கு ஒரு கத்தரியும் கேமராவும் இருந்தால் போதும். குருவின் முகச்சுளிப்பைப் பார்த்து மாணவர் ஊகித்துக்கொண்டிருந்ததை இது எண்ணாக்கிவிட்டது. அந்த வகையில் இதற்கு ஒரு ஜனநாயகக் குணம் உண்டு.

இனி அளவுகோலைப் பற்றி. ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிய எல்லோருக்கும் இந்த விஷயம் புரியும். எட்டுப் போடுவது சாலையில் ஓட்டுவதுபோல் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. நன்றாக ஓட்டத் தெரிந்தவரும் தெரியாதவரும் எட்டில் வேறுபடுகிறார்களா என்பது இரண்டாவது. எட்டில் தேறியவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறைவாக விபத்துக்குள்ளாகிறாரா என்பது மூன்றாவது. அறுவைப் பயிற்சி பற்றி வரும் ஆய்வுகளில் முதல் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு தாள் கொடுத்து, ‘இது உண்மைபோல் இருந்ததா, ஒன்று முதல் ஐந்துக்குள் குறிக்கவும்’ என்று வாங்கிக்கொள்வது. பிரியாணியும் கொடுத்திருந்தால் நாலரைக்குக் குறையாது. இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. மூன்றாவதைக் கேட்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மேயோ கிளினிக்கின் டேவிட் குக் 2015-இல் இதைச் சுட்டிக்காட்டினார்: புதியவர்களையும் நிபுணர்களையும் ஒரு சோதனை பிரித்துக் காட்டுகிறது என்பதாலேயே அந்தச் சோதனை திறமையை அளக்கிறது என்று ஆகிவிடாது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பார்த்தாலும் பேராசிரியரையும் முதலாண்டு மாணவரையும் பிரித்துவிடலாம். கண்ணாடி கையின் திறமையை அளக்குமா? முதலாண்டுக்காரரையும் பேராசிரியரையும் பிரிப்பது சுலபம். மூன்றாம் ஆண்டு முடிக்கும் இரண்டு பேரில் யாரை நம்பித் தனியாக விடலாம் என்று சொல்லக்கூடிய சோதனைதான் ஊருக்கு வேண்டும்.

மதிப்பெண் போடுவதற்கு ஒரு நல்ல படிவம் இருக்கிறது. டொரண்டோவில் ரெஸ்னிக்கும் சகாக்களும் உருவாக்கி 1997-இல் வெளியிட்டது. திசுவை மென்மையாகக் கையாளுகிறாரா, வீண் அசைவு இருக்கிறதா, கருவி கைக்குள் அடங்குகிறதா, உதவியாளரைப் பயன்படுத்தத் தெரிகிறதா, அடுத்த அடி என்ன என்று முன்கூட்டி யோசிக்கிறாரா என்பதுபோல் ஏழு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து. அதே ஆய்வில் பயிற்சி மருத்துவர்களை உயிருள்ள விலங்கிலும், மேசைமேல் வைத்த மாதிரிகளிலும் ஒரே வேலையைச் செய்யவைத்துப் பார்த்தார்கள். மேசை மாதிரியில் கிடைத்த மதிப்பீடு விலங்கில் கிடைத்ததற்குச் சளைத்ததாக இல்லை.

இதைவிடக் கூர்மையான ஒரு சோதனையும் அங்கேயே நடந்தது. குரோபரும் சகாக்களும் 2004-இல் வெளியிட்டார்கள். ஐம்பது இளநிலை அறுவைப் பயிற்சியாளர்கள், சீட்டுக் குலுக்கி மூன்று குழு. ஒரு குழு உயிருள்ள எலியின் விந்துக்குழாயை மைக்ராஸ்கோப்பில் வெட்டி ஒட்டிப் பழகியது. இன்னொன்று சிலிக்கான் குழாயில் பழகியது. மூன்றாவதற்கு வகுப்பும் பாடமும் மட்டும். பிறகு மூன்று குழுவையும் எலியிலேயே சோதித்தார்கள். கையசைவை மட்டும் பார்க்காமல், ஒட்டிய குழாய் சில வாரம் கழித்தும் திறந்திருக்கிறதா, விந்தணுக்கள் அதைக் கடந்து வந்திருக்கின்றனவா என்றும் பார்த்தார்கள். எலியில் பழகியவர்களும் சிலிக்கானில் பழகியவர்களும் ஏறக்குறைய சமம். வெறும் பாடம் கேட்டவர்கள் இரண்டு குழுவுக்கும் பின்னால்.

விலை உயர்ந்த பொம்மை வாங்கத் துடிக்கும் ஒவ்வொரு நிர்வாகத்துக்கும் இந்த முடிவை ஃபிரேம் போட்டுக் கொடுக்கலாம். தொடக்க நிலையில் இருக்கும் கைக்குப் பொருள் எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறது என்பதைவிட, எத்தனை முறை செய்து, எத்தனை முறை திருத்தப்பட்டது என்பதே முக்கியம் என்றுதான் இது காட்டுகிறது.

அப்படியானால் எலி எதற்கு? ஒரே காரணம், இரத்தம். கோழிக்காலில் இரத்தம் உறையாது. குழாய் சுருங்கிக்கொண்டு அடம்பிடிக்காது. மயக்கம் கொடுத்த எலியின் தொடைத் தமனி சுமார் ஒரு மில்லிமீட்டர். கிளாம்பை எடுத்ததும் அது துடிக்க வேண்டும். ஒட்டிய இடத்துக்கு அப்பால் இரண்டு நுண்ணிடுக்கிகளால் குழாயைப் பிடித்து, ஒன்றைத் தள்ளி இரத்தத்தை வழித்துக் காலியாக்கி, பிறகு மேல்பக்க இடுக்கியை விட்டுப் பார்ப்பார்கள். காலியான குழாய் சட்டென்று சிவந்து நிரம்பினால் ஒட்டு பிடித்திருக்கிறது. மெதுவாக நிரம்பினாலோ நிரம்பாமலே போனாலோ தைத்ததைப் பிரித்து மறுபடி. இந்த அரை நிமிடப் பதற்றத்தை எந்தக் கோழிக்காலும் கற்றுத் தராது. சில இடங்களில் கோழித்தொடைத் தமனிக்குள் நீலச் சாயம் கலந்த திரவத்தை ஓடவிட்டு ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார்கள்; நல்ல யோசனைதான், கசிவைக் காட்டிவிடும். உறைதலைக் காட்டாது.

ஆகவே எலியை முதல் நாளிலிருந்து பலி கொடுப்பது கல்வியாகவும் நியாயமில்லை, சட்டமாகவும் நியாயமில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பதினேழாம் பிரிவில், மருத்துவப் பள்ளிகள், மருத்துவமனைகள், கல்லூரிகள் போன்ற இடங்களில் புத்தகம், மாதிரி, திரைப்படம் ஆகியவை அதே அளவுக்குப் போதும் என்றால் விலங்குச் சோதனையை இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறது. அதே சட்டத்தில் விலங்கு என்றால் உயிருள்ள பிராணி என்று பொருள். கறிக்கடையில் ஏற்கெனவே உணவுக்காக அறுக்கப்பட்டதன் கால் அந்த வரையறைக்குள் வராது. பிரிட்டனில் இன்னும் கடுமை: 1876-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்திறன் பழகுவதற்காக உயிருள்ள விலங்கைத் தொடவே கூடாது என்றது. நூறு ஆண்டுக்கு மேல் அப்படியே இருந்து, 1986-இல் வந்த சட்டம்தான் நுண்ணறுவை பழகுவதற்கு மட்டும், மயக்கத்திலேயே வைத்த கொறிவிலங்குகளில், வழிவிட்டது. வேறு எந்த அறுவைக்கும் அப்போது அந்தச் சலுகை கிடைக்கவில்லை. சட்டம் எழுதியவர்கள், இரத்தம் ஓடும் ஒரு மில்லிமீட்டர்க் குழாய்க்கு மாற்றுப் பொருள் இல்லை என்று ஒப்புக்கொண்ட இடம் அது.

இது குழாய்த் தையலின் கதை. தோல் வேறு விதமான தலைவலி.

மறுசீரமைப்பு அறுவையில் பாதி வேலை தோலை நகர்த்துவது. பள்ளம் விழுந்த இடத்துக்குப் பக்கத்துத் தோலை மடலாக எடுத்துத் திருப்பி வைப்பார்கள். ரஷ்யாவின் லிம்பெர்க் வகுத்த சாய்சதுர மடல், இசட் வடிவத்தில் கீறித் தழும்பை நீட்டும் முறை என்று கணக்குப் புத்தகம் மாதிரி கோணங்களோடு வரும். அறுபது டிகிரியில் இசட் போட்டால் காகிதக் கணக்கில் எழுபத்தைந்து சதவீதம் நீளம் கூடும். காகிதத்தில் கூடும், தோலில் கூடுமா என்பது எந்த விலங்கின் தோல் என்பதைப் பொறுத்தது. எலி, முயலின் தோல் தளர்ந்தது. அடியில் மெல்லிய தசைத்தாள் இருக்க, எந்தப் பக்கம் இழுத்தாலும் வழுக்கிக்கொண்டு வரும். அதில் மடல் போட்ட மாணவர் தான் பெரிய கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்வார். மனிதத் தோல் அடியில் உள்ள கொழுப்போடு ஒட்டிக்கொண்டிருப்பது; இழுத்தால் வராது, வந்தால் ஓரம் வெளுக்கும். அந்தக் குணம் பன்றித் தோலுக்கு உண்டு. அதனால்தான் மேலை நாடுகளில் பன்றிக்கால் பயிற்சி மேசையில் இருக்கிறது. இங்கே அதைத் தொட மனம் ஒப்பாத மாணவர்கள் இருப்பார்கள். அவர்களை வற்புறுத்துவது அசிங்கம். ஆட்டுத்தலையும் ஆட்டுக்காலும் அடுத்த வாய்ப்பு. நம் ஊர்க் கறிக்கடையில் இரண்டையும் தீயில் வாட்டித்தான் தருவார்கள். வாட்டிய தோல் விறைத்துப்போய்க் கத்திக்கும் ஊசிக்கும் பொய் சொல்லும். வாட்டாமல், மயிரை மட்டும் மழித்துத் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். ஓர் ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இந்த வரி இல்லை என்றால் அந்த ஆய்வை இன்னொரு ஊரில் திரும்பச் செய்ய முடியாது.

ஆட்டுக்காலின் உண்மையான மதிப்பு தோலில் இல்லை, தசைநாணில் இருக்கிறது. குளம்புக்கு மேலே கீறினால் பளபளவென்று வெள்ளை நாண்கள். வெட்டி, உள்ளே நாலு இழை ஓடும்படி தைத்து, ஓரத்தைச் சுற்றி மெல்லிய நூலில் ஓட்டித் தைத்து முடித்தபின், ஒரு முனையை ஆணியில் மாட்டி மறுமுனையைச் சுருள்வில் தராசில் இழுத்துப் பார்க்கலாம். எத்தனை எடையில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது என்று குறித்துக்கொள்ளலாம். விரலின் மடக்குநாண் அறுந்து வரும் தொழிலாளிக்கு அறுவை முடிந்த சில நாளிலேயே விரலை அசைக்கச் சொல்வார்கள். அசைத்தால் தையல் பிளக்குமா பிளக்காதா என்பதற்கு ஆட்டுக்காலும் தராசும் ஓரளவு பதில் சொல்லும். படிவத்தில் அழகுக்கு மதிப்பெண் போடுவதைவிட இது நேர்மையான சோதனை.

சோதனையில் தேறியவர் நோயாளியிடம் குறைவாகத் தவறு செய்கிறாரா என்ற அந்த மூன்றாவது கேள்விக்குப் பக்கத்துத் துறை ஒன்று விடை தேடிக் காட்டியிருக்கிறது. இந்தியக் கண் மருத்துவமனைகளில் புரை அறுவையை ஆட்டுக்கண்ணில் பழகுவது சாதாரணம். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருப்பதால் இந்த ஊருக்கும் அது அந்நியமான செய்தி இல்லை. ஆப்பிரிக்காவில் உகாண்டா, கென்யா, தான்சானியா, ஜிம்பாப்வே நாடுகளின் பயிற்சி மருத்துவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்குச் செயற்கைக் கண்களில் தீவிரப் பயிற்சி, மீதிப் பேருக்கு வழக்கமான படிப்பு. அப்புறம் அவர்கள் உண்மையான நோயாளிகளுக்குச் செய்த அறுவைகளைக் கணக்கெடுத்தார்கள். வில்லையின் பின்னுறை கிழிவது புரை அறுவையில் எல்லோரும் அஞ்சும் தவறு. வழக்கமான படிப்புக் குழுவில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 27. பயிற்சி பெற்ற குழுவில் ஏறத்தாழ 8. இப்படி ஒரு எண் மறுசீரமைப்பு அறுவைக்கும் வேண்டும்.

அதை எடுப்பதில் உள்ள சங்கடங்களை மறைத்துப் பயனில்லை. புரை அறுவையைப் பயிற்சி மருத்துவர் ஒருவரே முழுதாகச் செய்வார், எண்ணிக்கையும் அதிகம். திசு மாற்று அறுவையோ எட்டு மணி நேரம், மூன்று நாலு பேர் கை மாறும், நோயாளிக்கு நோயாளி காயம் வேறு. மடல் கறுத்துப்போனால் யாருடைய தையலின் தவறு? புகைப்பிடிக்கும் நோயாளியின் குழாய்க்கு யார் பொறுப்பு? அதனால்தான் ஆய்வாளர்கள் கோழிக்காலோடு நின்றுவிடுகிறார்கள்; கோழி சர்க்கரை நோயோடு வருவதில்லை.

மதிப்பெண்ணால் என்ன விளைகிறது என்பதும் அளவுகோலின் ஏற்புடைமைக்குள், அதாவது அதை நம்பலாமா என்ற கேள்விக்குள், வரும் என்று உளவியலாளர் சாமுவேல் மெஸ்ஸிக் 1989-இல் வாதிட்டார். ஆட்டுக்கால் தேர்வில் தோற்றவரை அறுவைக் கூடத்துக்குள் விடாமல் நிறுத்தினால், அந்தத் தேர்வு தவறாக நிறுத்திய நல்ல கைகள் எத்தனை என்றும் கணக்குச் சொல்ல வேண்டும். எல்லோரையும் தேற்றிவிடும் தேர்வு என்றால் அதை நடத்திய நேரத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கல்லூரியிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பயிலும் மாணவர் எண்ணிக்கை ஆய்வுக்குப் போதாது. எலும்புத் துறை, பொது அறுவைத் துறை மாணவர்களையும் சேர்த்து, எல்லாக் கல்லூரிகளும் ஒரே நெறிமுறையில் இறங்கினால் போதும். எல்லாமே ஒரு மணி நேர பஸ் தூரம். எந்த வயது ஆடு, அறுத்து எத்தனை மணி நேரத்துக்குள், ஐஸில் வைத்ததா, உறைந்ததா என்று எழுதிவைக்க வேண்டும். பயிற்சிக்கு முன் ஒரு சோதனை, பின் ஒன்று, நாலு மாதம் கழித்து மறுபடி ஒன்று. வீடியோவில் கையுறை போட்ட கை மட்டும் தெரிய வேண்டும், குரல் கேட்கக் கூடாது. மதிப்பெண் போடுபவர்கள் இந்த ஊர்க்காரர்களாக இருக்கவே கூடாது. இங்கே யாருடைய கை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்; தெரிந்தபின் குறைத்துப் போட மனசு வராது, சிலருக்குக் கூட்டிப் போட மனசு வராது. படங்களைக் கோவைக்கோ வேலூருக்கோ அனுப்பி, இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட மதிப்பெண் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவே ஒத்துப்போகவில்லை என்றால் மீதியைச் செய்ய வேண்டியதில்லை.

அதன்பின் நோயாளிகள். குழாய் ஒட்டிய அறுவைகளில் எத்தனை பேரை இரத்தம் உறைந்து மறுபடி தியேட்டருக்கு எடுத்துப்போக நேர்ந்தது, நாண் தைத்த விரல்களில் எத்தனை ஆறு வாரத்துக்குள் அறுந்தன, எத்தனை விரல்கள் மூன்று மாதத்தில் உள்ளங்கையைத் தொட்டன என்பவை எல்லா மருத்துவமனைகளிலும் ஏதோ ஒரு நோட்டில் ஏற்கெனவே இருப்பவை. யார் எந்தத் தையலைப் போட்டார் என்ற ஒரு பத்தியை மட்டும் அந்த நோட்டில் சேர்க்க வேண்டியிருக்கிறது. பயிற்சி முடிந்த கோழியும் ஆட்டுக்காலும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போகட்டும். பழகும் நேரம் மட்டும் டியூட்டி பட்டியலில் ஏற வேண்டும். இரவு டியூட்டி முடித்துக் கண் எரிய வந்து உட்காரும் மாணவரின் மதிப்பெண் அவருடைய தூக்கத்தைத்தான் அளக்கும்.